700 மீட்டர் உயர ஸ்கீ ஊர், புத்தாண்டு வாரம்: காசு கட்டலாமா?

கோவைக்காரன் (அக்டோபர் 14)

வணக்கம் மக்களே. மியூனிக்கில் மூன்று வருஷமாக இருக்கிறோம். டிசம்பர் 27 முதல் ஐந்து இரவு ஆஸ்திரியாவில் ஸோல் என்ற ஊரில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல விலை, ஆனால் ரத்து செய்தால் ஒரு சென்ட்கூடத் திரும்பாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

ஆபீஸில் கூட வேலை செய்பவர் கேட்டுவிட்டு சிரிக்கிறார். "ஸோல் வெறும் 700 மீட்டர். அங்கே புல்லில்தான் சறுக்குவாய், பேசாமல் ஹிண்டர்டுக்ஸ் பனியாற்றுக்குப் போ" என்கிறார். அங்கே அறை இதைப்போல ஒன்றரை மடங்கு விலை.

நான் இதுவரை மொத்தம் இரண்டு நாள் சறுக்கியிருக்கிறேன். மனைவி ஸ்கீ காலில் மாட்டியதே இல்லை. மகளுக்கு 5 வயது. 700 மீட்டர் என்றால் உண்மையிலேயே வேஸ்ட்டா?

மலைக்குருவி

ஊட்டி 2,240 மீட்டர். நீங்கள் போகும் இடத்தின் பெரிய மலையான ஹோஹே சால்வே 1,829. ஊட்டியை விடக் குட்டி மலைக்கு ஸ்கீ தூக்கிக்கொண்டு போகிறீர்கள். வாழ்த்துகள் 😄

(சும்மா சொன்னேன். ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி, இது 47 டிகிரி. கணக்கே வேறு.)

சூரிச் அக்கா

தம்பி, அவசரப்பட்டுக் காசு கட்டாதேங்கோ. மலையில் பிழை இல்லை, நீங்கள் எடுத்த வாரம்தான் பிழை.

நாங்கள் சுவிஸில் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகளும் சறுக்கப் பழகினது இப்படியான பதிந்த ஊர்களில்தான். அதனால் உயரம் குறைவு என்றவுடன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022 கடைசியில் புத்தாண்டுக்கு 1,000 மீட்டரில் ஒரு ஊருக்குப் போய்ப் பட்டது இன்னும் மறக்கவில்லை. ஊர் பேர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் பச்சைப் புல், நடுவில் வெள்ளை ரிப்பன் மாதிரி செயற்கைப் பனி ஒரு கோடு. அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு ஈர மண் நிறம். என்ர சின்ன மகன் ரிப்பனுக்கு வெளியே விழுந்து சேற்றோடு எழும்பினான்.

அந்த 2023 ஜனவரி 1ஆம் தேதிதான் சுவிஸின் டெலமோன் நகரில் 20.2 டிகிரி பதிவானது. அடுத்த வாரம் அடெல்போடனில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியும் பச்சை மலைக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டில்தான் நடந்தது. டிவியில் பார்த்திருப்பீர்கள்.

எல்லா வருஷமும் அப்படி இல்லைதான். ஆனால் டிசம்பர் கடைசியில் தரை இன்னும் குளிர்ந்திருக்காது, கீழே அடிப்பனி சேர்ந்திருக்காது. அதே ஊர் ஜனவரி நடுவில் வேறு மாதிரி இருக்கும். மகளுக்கு 5 வயது என்றால் இன்னும் பள்ளிக்கூடம் இல்லைதானே? விடுமுறையைப் பார்க்கத் தேவையில்லாத கடைசி வருஷம் இது, அதை வீணாக்காதேங்கோ. ஜனவரி மூன்றாம் வாரம் விலையும் குறைவு, லிஃப்ட் வரிசையும் குறைவு. திரும்பப் பெறக்கூடிய அறையாக எடுத்து, நாலு நாளுக்கு முன் வெப்கேமை வடிவாகப் பார்த்து முடிவு செய்யுங்கோ.

இன்ஸ்ப்ரூக் மாணவன்

அக்கா சொன்னது சரி. மலையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், அந்தப் பக்கம் அடிக்கடி போவேன்.

அண்ணா, 703 மீட்டர் என்பது நீங்கள் தூங்கும் இடத்தின் உயரம். சறுக்கப்போவது எங்கே என்று பாருங்கள். ஸோலில் கோண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி) ஏறினால் நடுவில் ஹோக்ஸோல் என்று ஒரு நிறுத்தம், சுமார் 1,150 மீட்டர். அங்கேயே புதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி இடம் இருக்கிறது. அதுக்கு மேலே 1,400 முதல் 1,800 வரை மலை முழுக்க நீல (எளிது), சிவப்பு (நடுத்தரம்) பாதைகள். ஸ்கீ ஊரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உச்சி உயரத்தையோ ஊர் உயரத்தையோதான் சொல்வார்கள். புதிதாகக் கற்பவருக்கு இரண்டுமே பயனில்லை, பயிற்சிச் சரிவின் உயரம்தான் முக்கியம். சில ஊர்களில் உச்சி 2,300 இருக்கும், குழந்தைகள் இடம் மட்டும் கீழே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் 800இல் இருக்கும். அதுதான் ஆபத்து.

ஒரு பழைய அளவுகோல் உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குறைந்தது 100 நாள் 30 முதல் 50 சென்டிமீட்டர் பனி, அதுவும் பத்துக் குளிர்காலத்தில் ஏழில் இருந்தால்தான் அந்த இடத்தை நம்பலாம் என்று. ஸோல் இருக்கும் டிரோல் மாநிலத்தில் அந்த எல்லைக்கோட்டை சுமார் 1,200 மீட்டரில் வைத்துப் பேசுவார்கள், ஒரு டிகிரி சூடு கூடினால் கோடு 150 மீட்டர் மேலே ஏறும் என்று கணக்கு. 2007இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பு) வெளியிட்ட அறிக்கை ஆல்ப்ஸில் 666 ஸ்கீ பகுதிகளை எடுத்துப் பார்த்தது. அப்போது 609 தேறின. இரண்டு டிகிரி கூடினால் 404தான் தேறும் என்றது. இந்தக் கணக்கு இயற்கைப் பனிக்கு மட்டும். உங்கள் ஹோக்ஸோல் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, கீழ்ச்சரிவு மொத்தமும் கோட்டுக்கு வெளியே. அங்கெல்லாம் இயந்திரத்தை நம்பித்தான் ஓடுகிறார்கள்.

உயரத்தைத் தவிர திசையும் பார்க்கணும். ஸோல், ஷெஃபாவ், எல்மாவ் மூன்றுக்கும் சரிவு வடக்கு பார்த்தது, ஜனவரி வெயில் அங்கே சாய்வாகத்தான் படும். இந்த ஊர்களை எல்லாம் இணைக்கும் ஸ்கீவெல்ட் என்ற அதே ஸ்கீ பகுதியில் மலைக்கு அந்தப் பக்கம் பிரிக்சனுக்கு மேலே இருக்கும் சரிவு தெற்கு பார்த்தது. காலை பத்து மணிக்கு அருமை, மார்ச் மாதம் ஒரு மணிக்குப் பார்த்தால் கரைந்த ஐஸ்கிரீம். ஒரே டிக்கெட், ஒரே உயரம், இரண்டு வேறு உலகம்.

இன்னொன்று, இங்கே அடியில் இருப்பது புல்வெளி. பாறை மலை மூட ஒரு மீட்டர் பனி வேண்டும், மேய்ச்சல் நிலம் மூட 30 சென்டிமீட்டர் போதும். உயரமே எல்லாம் என்றால் டாமுல்ஸை யாரும் சீந்த மாட்டார்கள். ஊர் 1,430 மீட்டர்தான், ஆனால் வடமேற்குக் காற்று வந்து மோதும் முதல் சுவர் என்பதால் ஒரு சீசனுக்குச் சராசரியாக ஒன்பது மீட்டருக்கு மேல் கொட்டுகிறது. உள்பக்கப் பள்ளத்தாக்குகள் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த அளவு பார்ப்பதில்லை.

கோவைக்காரன்

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. மகள் பள்ளிக்குப் போக இன்னும் ஒரு வருஷம் இருக்கு, அது எனக்குத் தோணவே இல்லை. சரி, ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். "பனி: மலை 70, ஊர் 10" என்று இணையத்தில் போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது? செயற்கைப் பனி இருக்கு என்றால் கவலையில்லை என்றும் ஒருத்தர் சொன்னார்.

இன்ஸ்ப்ரூக் மாணவன்

அந்த 70 எங்கே அளந்தது என்று யாருக்குத் தெரியும், மேலே நல்ல இடமாகப் பார்த்துத்தான் அளப்பார்கள். அதை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்.

எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, ஊர் வரை வரும் பாதை திறந்திருக்கிறதா, நடு நிறுத்தத்தின் வெப்கேம். வெப்கேமைக் காலையில் பார்க்காதீர்கள், காலையில் எல்லாச் சரிவும் அழகிதான். மத்தியானம் மூன்று மணிக்குப் பாருங்கள். பாதையின் ஓரத்தில் பழுப்பு எட்டிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இல்லை.

செயற்கைப் பனிக்குக் குளிர் வேண்டும். வெறும் வெப்பமானி போதாது, ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) சுமார் மைனஸ் 2.5க்குக் கீழே போகணும். காற்று நன்றாக வறண்டிருந்தால் 0 டிகிரியிலும் பனி பிடிக்கும். ஈரக்காற்று என்றால் மைனஸ் 1 இருந்தும் தண்ணீர்தான் விழும். அதனால் வருவதற்கு முந்தின வாரம் இரண்டு மூன்று இரவு வறண்ட குளிர் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் ஊர் பச்சையாக இருந்தாலும் பாதை வெள்ளையாக இருக்கும். தெற்கிலிருந்து ஃபோன் (Föhn) என்ற சூடான வறண்ட மலைக்காற்று வருகிறது என்று வானிலையில் சொன்னால் மட்டும் யோசியுங்கள். அது ஒரே ராத்திரியில் எல்லாத்தையும் தின்றுவிடும்.

தூத்துக்குடி டு டிரோல்

ஹிண்டர்டுக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பனி இருக்கும், அதில் சந்தேகமே இல்லை, 3,250 மீட்டர் வரை போகிறது, வருஷம் முழுக்க ஓடுகிறது. ஆனால் போன வருஷம் டிசம்பரில் நாங்கள் போன மூன்று நாளில் ஒன்றரை நாள் காற்று அதிகம் என்று மேலே உள்ள லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். மிச்ச நாள் மைனஸ் 17. மேலே ஒரு மரம் கிடையாது, மேகம் இறங்கினால் தரை எது வானம் எது என்று தெரியாது. என் பையனுக்கு 6 வயது, முக்கால் மணி நேரத்தில் அழுதுகொண்டே கீழே வந்துவிட்டான். 5 வயதுக் குழந்தையோடு போகிறவருக்கு மரங்களுக்கு நடுவில் 1,300 மீட்டரே சொர்க்கம். நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஆபீஸ்காரருக்கு அவர் சொன்னது சரி, உங்களுக்கு இல்லை.

சூரிச் அக்கா

இன்னொன்று தம்பி. கடைசியில் ஊர் வரை சறுக்கி வராதேங்கோ. நாலு மணிக்கு எல்லாரும் ஒரே பாதையில் இறங்குவார்கள், பனியை வழித்து ஐஸ் ஆக்கி வைத்திருப்பார்கள். கோண்டோலாவிலேயே இறங்குங்கோ, டிக்கெட்டில் அதுவும் சேர்த்திதான்.

கோவைக்காரன் (அக்டோபர் 19)

முடிவு: புத்தாண்டு அறையை விட்டுவிட்டேன். ஜனவரி மூன்றாம் வாரம், திங்கள் முதல் வியாழன், மூன்று நாள் முன்பு வரை ரத்து செய்யலாம். ராத்திரிக்கு 22 யூரோ அதிகம். ஆபீஸ்காரர் இன்னும் சிரிக்கிறார்.

கோவைக்காரன் (ஜனவரி 24)

போய் வந்தாச்சு. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

டிசம்பர் 29 அன்று ஆசைக்கு வெப்கேம் பார்த்தேன். ஸோல் ஊர் முழுக்கப் புல், ஹோக்ஸோலில் மழை. அறைக்குக் கட்டியிருந்தால் என்று நினைத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் வாரத்துக்கு முன்னால் நாலு ராத்திரி மைனஸ் 8 அடித்தது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (ஜெர்மனியின் மாதாந்திரப் பயணச் சீட்டு) எல்லை ஊரான குஃப்ஸ்டைன் வரை ரயில், அங்கிருந்து பஸ். திங்கட்கிழமை ஊரில் திட்டுத்திட்டாகப் பனி, மேலே எல்லாம் வெள்ளை, கெட்டியாகவும் இல்லாமல் பொடியாகவும் இல்லாமல் ரவை மாதிரி. மகள் கம்பளம் போல் நகரும் பெல்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, சாப்பிடக்கூட வரவில்லை. மனைவி இரண்டாம் நாளே நீலப் பாதையில் தனியாக இறங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை. ஊரில் கோண்டோலா ஏறும்போது கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஹோக்ஸோல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அதே சொட்டு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக மாறியதைப் பார்த்தோம், ஏறக்குறைய 1,300 மீட்டர் இருக்கும். உச்சியில் ஹோஹே சால்வே தேவாலயத்தின் கூரை முழுக்கப் புதுப்பனி. கீழே குடை, மேலே கண்ணாடி போட்டுக்கொண்டு சறுக்கல். தம்பி சொன்ன கோடு கண் முன்னால் தெரிந்தது.

புதன் காலை எல்லாம் உறைந்து ஐஸ். பத்தரைக்குப் பிறகுதான் போனோம், அதற்குள் கொஞ்சம் இளகிவிட்டது.

வியாழக்கிழமை ஒரு தப்பு செய்தேன். மனைவியும் மகளும் கோண்டோலாவில் இறங்கினார்கள். "ஊர்ப் பாதை திறந்திருக்கு" என்று பலகையில் பச்சை விளக்கு, நான் மட்டும் சறுக்கி வரப் போனேன். வழியில் விழுந்து, கடைசி இருநூறு மீட்டரை ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரத்துப் புல்லில் நடந்துதான் கடந்தேன். இடுப்பில் இன்னும் நீலமாக இருக்கிறது.

சூரிச் அக்கா

சொன்னனான்தானே தம்பி, கோண்டோலாவில் இறங்கச் சொல்லி! சரி, இடுப்புக்கு ஒத்தடம் குடுங்கோ. மகளுக்கு வருஷம் வருஷம் பூட்ஸ் வாங்காதேங்கோ, சீசன் வாடகைக்கு எடுங்கோ. கால் வளர்ந்துகொண்டே போகும்.