புதுப் பேட்டரி போட்டும் புகை அலாரம் கீச்சிடுகிறது, அவசர உதவி!

ஸ்கார்பரோ_கீழ்த்தளம்
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் புகை அலாரம் ராத்திரியில் விட்டு விட்டு 'கீச்' என்கிறது. பகலில் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரியை மாற்றிவிட்டேன். இரண்டையும் மல்டிமீட்டரில் (வோல்டேஜ் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன்: பழையது 8.3 வோல்ட், புதியது 8.6 வோல்ட். இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன? அப்புறம் ஏன் கத்துகிறது? குழந்தை தூங்கவே மாட்டேன் என்கிறாள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் பரவாயில்லையா?

வயர்மேன்72
எந்த மாடல்? 9 வோல்ட் பேட்டரியா, இரண்டு ஏஏ போடுவதா? பேட்டரி மட்டுமா, வீட்டு மின்சாரத்தோடும் இணைத்திருக்கிறதா? எத்தனை விநாடிக்கு ஒரு தடவை சத்தம் வருகிறது? இதெல்லாம் சொல்லாமல் என்னவென்று பதில் சொல்வது தம்பி?

மல்லிகா_மிசிசாகா
கழற்ற வேண்டாம் தம்பி, குழந்தை இருக்கிற வீடு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலாரத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது சட்டப்படி குற்றம். வாடகை வீடு என்றால் அதைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. உடனே அவருக்குச் சொல்லுங்கள், எழுத்தில் சொன்னால் நல்லது.

சோதனைப்பிரியன்
மீட்டரே வேண்டாம். பேட்டரியைச் செங்குத்தாகப் பிடித்து மேசைமேல் போடுங்கள். துள்ளினால் தீர்ந்துபோனது, அப்படியே நின்றால் நல்லது. எங்கள் வீட்டில் எல்லாப் பேட்டரியையும் இப்படித்தான் பார்க்கிறோம்.

வயர்மேன்72
அது ஏஏ மாதிரி உருளையான ஆல்கலைன் (ரீசார்ஜ் செய்யாத சாதாரண வகை) பேட்டரிக்குத்தான் ஓரளவு சரி. 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். உள்ளே துத்தநாகம் ஆக்சைடாக மாறுவதால் துள்ளல் கூடுகிறது. ஆனால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அது உச்சத்துக்குப் போய்விடும். துள்ளினால் புதியது இல்லை என்று மட்டும் தெரியும், எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. 9 வோல்ட் பெட்டிக்கு இது உதவவே உதவாது.

மூத்தவர்_மின்னியல்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மீட்டர் வாங்குகிறவர்கள் லோடு என்றால் என்ன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லோடு இல்லாமல், அதாவது எதற்கும் மின்சாரம் கொடுக்காமல் சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தால், தேய்ந்த பேட்டரியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். அலாரம் சாதாரண நேரத்தில் இழுப்பது சில மைக்ரோஆம்பியர். ஹார்ன் அலறும்போது பல மில்லிஆம்பியர் தேவை. அதனால்தான் அலாரமே அவ்வப்போது ஒரு நொடிப்பொழுது லோடு கொடுத்து, வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறது. எல்லைக்குக் கீழே போனால் கீச். வீட்டில் பார்ப்பதென்றால் 470 ஓம் ரெசிஸ்டரை (மின்தடை) இரு முனைக்கும் குறுக்கே வைத்து, சில விநாடி கழித்து அளக்க வேண்டும். எண் சரசரவென்று இறங்கினால் அந்தப் பேட்டரி தேறாது.

இரவில் மட்டும் ஏன்? வீடு குளிர்ந்தால் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி உள்தடை, அதாவது பேட்டரியே தன் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு, கூடும். பகலில் தப்பிக்கிற பேட்டரி அதிகாலையில் மாட்டிக்கொள்ளும். உங்கள் 'புதியது' 8.6 என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. புதிய ஆல்கலைன் என்றால் 9.5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அது என்ன பேட்டரி?

ஸ்கார்பரோ_கீழ்த்தளம்
9 வோல்ட்தான். மின்சார இணைப்பு இல்லை. வீட்டில் இருந்த ரீசார்ஜபிள், நேற்றுத்தான் சார்ஜ் ஏற்றினேன்.

மூத்தவர்_மின்னியல்
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரீசார்ஜபிள் வகை தானாகவே சார்ஜ் இழக்கும், ஆரம்ப வோல்டேஜும் குறைவு. புகை அலாரத்தில் போடக் கூடாது. அலாரத்தின் பின்பக்கம் எந்த வகை போடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதையே வாங்குங்கள்.

மல்லிகா_மிசிசாகா
பின்பக்கத்தைப் பார்க்கும்போது தயாரித்த தேதியையும் பாருங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் பேட்டரியில் பணம் போடாதீர்கள், அலாரத்தையே மாற்ற வேண்டும். இன்னொன்று: பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? பல வீடுகளில் கத்துவது அதுவாக இருக்கும், நாம் இதைக் கழற்றிக்கொண்டிருப்போம். அடியில் நின்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சோதனைப்பிரியன்
டெஸ்ட் பட்டன் மின்சுற்றையும் ஹார்னையும்தான் சோதிக்கும், புகை உள்ளே போய்ச் சேருமா என்று சொல்லாது. ஊதுபத்தி கொளுத்திக் கிட்டே பிடியுங்கள். அதுதான் உண்மையான சோதனை.

வயர்மேன்72
வேண்டாம். ஊதுபத்திப் புகையின் பிசுக்கு உள்ளறையில் படிந்துவிடும். அதற்கென்றே சோதனைப் புகை ஸ்பிரே விற்கிறது, தயாரிப்பாளர் அனுமதித்தால் அதை அடிக்கலாம். பேட்டரியும் ஹார்னும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க மாதம் ஒருமுறை பட்டனை அழுத்தினால் போதும். ஹார்ன் அலறுவதே ஒரு லோடுதான்.

சோதனைப்பிரியன்
எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கு வாயே திறக்காத அலாரம் தோசைக்கல் புகைந்தால் அலறுகிறது. பட்டனை மட்டும் எப்படி நம்புவது?

வயர்மேன்72
அப்படியென்றால் உங்களுடையது அயனி வகையாக (காற்றை மின்னூட்டி, அதில் வரும் மாற்றத்தால் புகையை உணர்வது) இருக்கலாம். அது நுண்ணிய துகள்களுக்கு, கொழுந்துவிட்டு எரியும் தீக்குச் சீக்கிரம் விழிக்கும். மெத்தை, சோபா கனன்று புகைவதை ஒளி வகைதான் (புகையில் ஒளி சிதறுவதை உணர்வது) முன்னால் பிடிக்கும். சமையலறைப் பக்கம் ஒளி வகை வையுங்கள்.

புதுக்குடித்தனம்
அயனி வகையில் கதிரியக்கப் பொருள் இருக்கிறதாமே? குழந்தை இருக்கிற வீட்டில் அதை எப்படி அனுமதிக்கிறார்கள்?

மூத்தவர்_மின்னியல்
அமெரிசியம்-241, மிகச் சிறிய அளவு. அதன் ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். உடைத்துத் திறக்காத வரை ஆபத்தில்லை. தெரியாமல் பயத்தைக் கிளப்பாதீர்கள்.

புதுக்குடித்தனம்
கேட்பது பயம் கிளப்புவதா? பழசானதும் குப்பையில் போடலாமா என்றும் யாரும் சொல்லவில்லையே.

மல்லிகா_மிசிசாகா
உங்கள் நகராட்சியிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள், ஊருக்கு ஊர் விதி மாறும். அவர் பிரச்சினை இன்னும் தீரவில்லை, அதைக் கவனிப்போம். தம்பி, தேதி பார்த்தீர்களா?

வயர்மேன்72
தேதி சரியாக இருந்து, நல்ல ஆல்கலைன் போட்டும் கத்தினால், பேட்டரியைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய சார்ஜ் வடிந்துவிடும். கிளிப் தளர்ந்திருக்கிறதா, முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்ப மாட்டியதும் பட்டனை அழுத்தி ஹார்னைக் கேளுங்கள்.

ஸ்கார்பரோ_கீழ்த்தளம்
பின்னால் 2011 என்று போட்டிருக்கிறது. உரிமையாளருக்குப் படம் அனுப்பினேன், இன்று மாலை புதியது மாட்டிவிட்டார், மாற்ற முடியாத 10 ஆண்டுப் பேட்டரி உள்ளது. பட்டனும் அழுத்திப் பார்த்தோம். நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும்.

மல்லிகா_மிசிசாகா
நல்லது தம்பி. மேல்மாடியில் இருப்பதும் அதே ஆண்டில் வாங்கியதா என்று அவரிடம் கேளுங்கள்.