கிரீஸ் டிராப்: இடமில்லாத மெஸ் கிச்சனுக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஒரு மெஸ். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீர் வருகிறது. அதிலிருக்கும் எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப் 100 லிட்டர்தான். தண்ணீர் உள்ளே நிற்பது எட்டு நிமிடம். எண்ணெய் பிரிந்து மிதக்க அரை மணி நேரமாவது வேண்டும், அதாவது 360 லிட்டர். அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரே இடத்தில் வழியில்லை.

வெந்நீரும் சோப்பும் கலந்தால் எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்து டிராப்பைத் தாண்டிவிடும். வெளியே ஆறியதும் பாமாயிலும் டால்டாவும் குழாயில் உறையும். சிமென்ட் சேம்பரில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல் மாதிரி இறுகும். காஸ்டிக் சோடா ஊற்றச் சொல்லாதீர்கள், அடைப்பு அடுத்த தெருவுக்குத்தான் நகரும்.

வடைச்சட்டி எண்ணெய் தனி கேனில் பயோடீசலுக்குப் போகிறது. தட்டு வழித்த பிறகே கழுவல், சோற்றுக்கு வடிகட்டிக் கூடை, டிராப்பில் மிதக்கும் எண்ணெய் ஆடையும் அடியில் தங்கும் கசடும் கால்வாசி ஆழம் சேர்ந்தால் சுத்தம். இதெல்லாம் நடக்கிறது.

தெரிய வேண்டியது: 180 லிட்டர் தொட்டி இரண்டைத் தொடராக வைத்தவர்கள் உண்டா? முதல் தொட்டியின் தண்ணீர் வெளியேறும் டி-குழாய் (T வடிவக் குழாய்) எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? டிராப்பில் வழிக்கும் ஆடையை, பொரித்த எண்ணெயை அல்ல, முறையாக எடுத்துப்போகிறவர்கள் சென்னையில் யார்?