குழிவிரியனின் குழிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்புகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மலபார் குழிவிரியன் பக்கத்தில் நின்றுவிட்டேன். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, வெப்பத்தை உணரும் குழி இருக்கிறதல்லவா, ஆங்கிலத்தில் 'லோரியல் பிட்'. 'வெப்பமுணர் குழி' என்று எழுதியிருக்கிறேன். ஒரே பத்தியில் நான்கு முறை வருகிறது. வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்குகிறது. சுருக்கமாக ஒரு சொல் வேண்டும்.

———

அம்மா, வணக்கம்.

வெம்மை + குழி = வெங்குழி. வெந்நீர், வெங்கதிர் போல. தொல்காப்பிய உரியியல் 'வெம்மை வேண்டல்' என்கிறது; சூடு மட்டுமல்ல, விருப்பமும் வெம்மைதான். இரவெல்லாம் கிளையில் அசையாமல் இரையை வேண்டிக் கிடக்கும் பாம்புக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. வேட்கை, வேட்டை, வேண்டல் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாளைய எண்ணம். தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

———

ஐயா, சொல் அழகுதான். ஆனால் நான் வகுப்பில் நிற்பவள். வெந்நீரையே வெண்ணீர் என்று எழுதும் பிள்ளைகள் வெங்குழியை வெண்குழி ஆக்கிவிடுவார்கள். பிறகு படத்தில் வெள்ளைக் குழியைத் தேடுவார்கள். வெப்பக்குழி போதும். கேட்டதும் புரிகிறது.

———

நண்பர்களே, பாம்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குழிக்குள் ஒரு சவ்வு இருக்கிறது, தடிமன் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர். அது உணர்வது சூட்டை மட்டுமல்ல, பின்னணிக்கும் இரைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை. மலபார் குழிவிரியன் தவளையையும் தின்னும். ஈரத்தோலிலிருந்து நீர் ஆவியாவதால் தவளை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கலாம். அந்தக் குளிர்ச்சியும் குழிக்கு எட்டும். 'வெப்பம்' என்றால் எலியும் பறவையும்தான் நினைவுக்கு வரும். லோரியல் என்பதே வார் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இடப்பெயர். நாமும் இடத்தை வைத்துக் கன்னக்குழி என்றால் என்ன?

அப்புறம், கட்டுவிரியனை விரியன் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். பெயரில்தான் விரியன், அது நாகத்தின் குடும்பம். இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்படுவது. குழிவிரியன் அந்த நால்வரில் இல்லை.

———

விரியன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் வயிறு விரிந்து, அதாவது வெடித்து, குட்டி வெளிவரும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது என்பார்கள். முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டி உயிரோடு பிறப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயராக இருக்கலாம். பார்த்தது சரி, விளக்கம்தான் தவறு. பெயரில் பிழை இருந்தும் சொல் நிலைத்துவிட்டதே! வெங்குழி மட்டும் ஏன் நிலைக்காது?

———

அன்புள்ள எல்லோருக்கும்,

கன்னக்குழி என்றதும் என் மகள் சிரித்துக் காட்டினாள், அவள் கன்னத்தில் விழும் குழியை. அதனால் அது வேண்டாம். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் வெப்பக்குழி பக்கம்தான் அதிகம் பேர். அதையே போட்டுவிட்டேன். தவளை பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். கட்டுவிரியனை நாகத்தின் பக்கத்துக்கு மாற்றியாயிற்று, அதற்குத் தனி நன்றி. 'மலபார் பச்சை விரியன்' என்று மாற்றச் சொன்னவருக்கு: இந்த இனத்தில் பழுப்பும் மஞ்சளும் உண்டு. பச்சை என்றால் கண்கொத்திப் பாம்போடு குழப்பம் வரும்.

———

அம்மா, அச்சுக்குப் போகட்டும். கையேட்டின் கடைசியில் சொல்லடைவு இருக்குமல்லவா? அதில் வெப்பக்குழிக்குப் பக்கத்தில் வெங்குழிக்கும் ஓர் இடம் கொடுங்கள். வேட்கை பற்றிய மடல் இன்றிரவு வரும்.