நம் பெயரில் வரும் பணத்துக்குக் கணக்குக் கேட்பது தப்பா?

மேட்டுலயம் (பொகவந்தலாவை)

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஒரு என்.ஜி.ஓ. (அரச சார்பற்ற நிறுவனம்) பல வருஷமாக வேலை செய்கிறது. பிள்ளைக் காம்பராவுக்கு (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கூரை மாற்றித் தந்தார்கள், பணிய லயத்தில் (கீழே உள்ள வரிசை வீடுகளில்) கழிப்பறை கட்டினார்கள், இப்போது இளைஞர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. நல்லது செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் கழிப்பறைச் சுவரில் பதித்த கல்லில் நிதி கொடுத்த நாட்டின் கொடி இருக்கிறது, திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, செலவான தொகை மட்டும் இல்லை. போன கூட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா எழுந்து, "மொத்தம் எவ்வளவு வந்துச்சு தம்பி, அதில எங்க தோட்டத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். என்.ஜி.ஓ. ஒபிசருக்கு முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் கொழும்பு ஒபிசில இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு வரவுத்தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார். வெளியே வந்ததும் எங்கள் ஆட்களே அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள், இப்படிக் கேட்டால் ப்ராஜெக்டை அடுத்த தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்களாம்.

கோயில் திருவிழாவுக்குப் பேருக்கு இவ்வளவு என்று பிடித்த காசுக்கு ஒரு பில் குறைந்தாலும் கமிட்டியை விடமாட்டோம். நம் படத்தைக் காட்டி வாங்கும் பணத்துக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்? இந்த நிறுவனத்தை நடத்துவது யார், மேலே இருப்பவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள், வரவு செலவு என்ன, இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பழைய கணக்காளர் (ஹட்டன்)

இரண்டு நிறுவனங்களில் கணக்குப் பகுதியில் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். கணக்கு இல்லாமல் இருக்காது. கணக்காய்வு செய்த அறிக்கை இல்லாமல் பெரிய நிதி எதுவும் அடுத்த தவணை வராது. அதனால் "கொழும்பில் இருக்கு" என்றால், சரி, அதில் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தோட்டத்து ப்ராஜெக்டின் பட்ஜெட்டை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். பணிப்பாளரின் சம்பளத்தை நாலைந்து ப்ராஜெக்டுகளுக்குப் பிரித்துப் போடுவது வழக்கம், அது சட்டவிரோதமும் இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அது சின்னத் தொகையாகத்தான் தெரியும், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் முழுச் சம்பளம் வரும். ஆகவே முழு நிறுவனத்தின் வருடாந்தக் கணக்கைக் கேளுங்கள், பின்னால் வரும் குறிப்புகளோடு சேர்த்து. நிர்வாக சபை உறுப்பினரின் வீட்டையே ஒபிசுக்கு வாடகைக்கு எடுத்திருந்தால், அவருடைய வாகனத்துக்கே வாடகை போயிருந்தால், அந்தக் குறிப்புகளில்தான் வெளிவர வேண்டும். சபையில் எத்தனை பேர், அவர்களுக்குள் யார் யாருக்கு உறவு என்பதையும் பாருங்கள். கணவன் தலைவர், மனைவி பொருளாளர், மச்சான் பணிப்பாளர் என்றிருந்தால் அவருடைய சம்பளத்தை யார் தீர்மானித்திருப்பார்கள்?

இன்னொன்று, நிர்வாகச் செலவு அதிகம் என்றாலே களவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மழையில் அட்டைக்கடியோடு மலை ஏறி வரும் களப் பணியாளருக்கு ஒழுங்கான சம்பளமும் ஈ.பி.எப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) கொடுத்தால் செலவு கூடத்தான் செய்யும், அது தேவையான செலவு.

ஊவாப் பெண் (பண்டாரவளை)

இலங்கையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அரச அலுவலகங்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசு அல்லது சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை சம்பந்தமான தகவலைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கல்லில் ஒரு நாட்டின் கொடி இருக்கிறதே, பணம் அந்த நாட்டு அரசாங்கத்தினுடையதா, தனியார் நன்கொடையா என்பதை முதலில் பாருங்கள். தனியார் காசு மட்டும் என்றால் இந்த வழி நேராகத் திறக்காது. அப்போது அந்த நிறுவனம் பதிவு செய்துள்ள இடத்தில், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ, அவர்கள் ஒப்படைத்த அறிக்கைகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். உத்தரவாதக் கம்பனியாக (பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நடக்கும் கம்பனி) பதிந்திருந்தால் கம்பனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டி பணிப்பாளர் சபை யார் என்று பார்க்கலாம்.

தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பார்க்க அந்த நிறுவனத்திலேயே நியமித்தவர்) மேன்முறையீடு, அப்புறம் தகவல் உரிமை ஆணைக்குழு. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலே போதும், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. அந்த அக்காவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டவுன்காரன்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளையின் சம்பளத்தைப் பெயரோடு போர்டில் ஒட்டினால் அடுத்த நாள் கடன் கேட்டு வாசலில் ஆள் நிற்கும். மாதர் சங்கம் மாதிரிச் சின்ன அமைப்புகளிடம் போய் கணக்காய்வு அறிக்கை கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

பழைய கணக்காளர் (ஹட்டன்)

நியாயம்தான். மாதர் சங்கத்துக்கு வரவு செலவுக் கொப்பியைக் கூட்டத்தில் வாசித்தால் போதும். கீழே இருப்பவர்களின் சம்பளத்தையும் யாரும் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியது மேல் பதவிகளை. தகவல் உரிமைச் சட்டத்திலும் தனிப்பட்ட விபரத்துக்கு விலக்கு இருக்கிறது, அதனால் "இன்னாருக்கு எவ்வளவு" என்று எழுதாமல் "பணிப்பாளர் பதவிக்கான சம்பள அளவும் கொடுப்பனவுகளும்" என்று எழுதுங்கள். வாகனம், எரிபொருள், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கொடுப்பனவு என்ற சொல்லுக்குள்தான் இருக்கும்.

பதுளையிலிருந்து லண்டன்

நிதி கொடுப்பவர் பக்கத்திலிருந்தும் தேடலாம், அதை ஃபோனிலேயே செய்யலாம். இங்கிலாந்து, வேல்ஸில் சரிட்டி கமிஷனின் (தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. வருட வருமானம் 25,000 பவுணுக்கு மேற்பட்ட சரிட்டியின் கணக்குகளை அதிலேயே இறக்கிப் படிக்கலாம், அறங்காவலர் பெயர்களும், 60,000 பவுணுக்கு மேல் பெறும் ஊழியர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கும். அமெரிக்க நிறுவனம் என்றால் படிவம் 990, அது வரித் துறைக்குக் கொடுக்கும் வருடாந்த அறிக்கை. தேவாலயங்கள் போன்ற சில விலக்குகள் போக, பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு வருஷமும் அதைக் கொடுக்க வேண்டும், அதில் இயக்குநர்களும் உயரதிகாரிகளும் வாங்கிய தொகை பெயரோடு வரும். அங்கே பெயரோடு போடும்போது இங்கே பதவியின் பெயரில் சொல்வதற்குக்கூட ஏன் தயங்க வேண்டும்? கல்லில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைச் சரியான எழுத்தோடு எழுதி எடுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் பல இருக்கும்.

மேட்டுலயம் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் நன்றி. முதலில் நிறுவனத்துக்கே கடிதம் எழுதுகிறோம், பதில் வராவிட்டால்தான் விண்ணப்பம். கடைசியாக முடிந்த வருடத்தின் முழுக் கணக்கு, சபை உறுப்பினர் பட்டியல், மேல் பதவிகளின் சம்பள அளவும் கொடுப்பனவுகளும், எங்கள் டிவிஷனுக்கு ஒதுக்கியதும் செலவானதும். தனி ஆளின் பெயரில் போனால் அவர் மேல்தான் பாய்வார்கள் என்பதால் மூன்று லயத்திலும் கையெழுத்து வாங்குகிறோம். அக்காதான் முதல் கையெழுத்து போடுவேன் என்கிறார். வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன், கணக்காளர் அண்ணா ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.