எஸ்டீம் 1.3: கிளட்ச் மாற்றும்போதே ஃப்ளைவீலையும் லேசாக்கலாமா?

வெள்ளை எஸ்டீம்:
வண்டி 2003 மாருதி எஸ்டீம், 1298 சிசி எம்பிஎஃப்ஐ. கிளட்ச் வழுக்குகிறது, கியர் பாக்ஸை எப்படியும் இறக்கியாக வேண்டும். அந்தச் சாக்கில் ஃப்ளைவீல் (இன்ஜினின் கிராங்க் முனையில் சுழலும் கனமான சக்கரம்) எடையையும் குறைத்துவிடலாமா என்று ஒரு யோசனை. லேத் பட்டறையில் 2 கிலோ வரை கடைந்து தருகிறோம் என்கிறார்கள். தினமும் கோவை நகருக்குள் ஓட்டம், ஏசி எப்போதும் ஓடும், அவ்வப்போது கொல்லிமலை.

கேட்க வேண்டியவை: பிக்கப் நிஜமாகவே கூடுமா? ஒரிஜினலைக் கடைவதா, அலுமினியத்தில் புதிதாக வாங்குவதா? ரிங் கியரை (ஃப்ளைவீலைச் சுற்றி, ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல் வளையம்) கழற்ற வேண்டுமா?

ஆர்பிஎம் ராசா:
முதலில் ஒன்று. இன்ஜின் பவர் ஒரு குதிரைகூட ஏறாது. ஃப்ளைவீலின் வேகத்தை ஏற்றுவதற்குச் செலவாகும் டார்க் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். ஆர்பிஎம் மாறும்போது மட்டும்தான் இந்த மிச்சம். நெடுஞ்சாலையில் 80-இல் சீராகப் போகும்போது 2 கிலோ குறைத்ததும் ஒன்று, குறைக்காததும் ஒன்று.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எங்கே எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. மையத்திலிருந்து 115 மி.மீ. தள்ளி, அதாவது வெளி விளிம்பில் 2 கிலோ எடுத்தால் சுழல் நிலைமம் (சுழல்வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) 0.0265 கிலோ-சதுர மீட்டர் குறையும். மொத்த கியர் விகிதம் முதல் கியரில் 14, மூன்றில் 5.3, ஐந்தில் 3.1 என்றும், டயர் ஆரம் 28 செ.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கியர் விகிதத்தை டயர் ஆரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை நிலைமத்தோடு பெருக்கினால் வண்டியிலிருந்து இறக்கி வைத்ததற்குச் சமமான எடை கிடைக்கும். முதல் கியரில் சுமார் 66 கிலோ. மூன்றில் 9.5. ஐந்தில் 3 கிலோ சொச்சம்.

முதல் கியரில் பின் சீட்டில் இருந்த ஆள் இறங்கிவிட்டது போல இருக்கும். மூன்றாவதில் ஆள் இறங்கவில்லை, டிபன் கேரியர்தான் இறங்கியிருக்கிறது.

அதே 2 கிலோவை மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில் எடுத்தால் முதல் கியரிலேயே 18 கிலோதான் லாபம். அதனால் "2 கிலோ எடுத்துத் தருகிறோம்" என்பது பாதி பதில். எந்த இடத்திலிருந்து என்று கேளுங்கள். உட்பக்கம் கடைந்தால் பலன் கால்வாசி, போல்ட் பிடிக்கும் இடமும் பலவீனமாகும்.

உண்மையில் அதிகம் தெரியப்போவது வேகம் அல்ல, கியர் மாற்றும் விதம். காலை எடுத்தால் ஆர்பிஎம் சட்டென்று விழும். கீழ் கியருக்கு வரும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே இன்ஜின் எகிறிச் சேரும். மலை வளைவில் இது சுகம். ஆனால் மேல் கியருக்கு மெதுவாக மாற்றிப் பழகிய கால் என்றால் ஒவ்வொரு முறையும் ஜெர்க் அடிக்கும்.

லேத் மணி:
ஒரிஜினலைக் கடைவது பற்றி. அது வார்ப்பிரும்பு, ஓங்கித் தட்டினால் உடையும் ரகம். 7000 ஆர்பிஎம்மில் 25 செ.மீ. விட்டமுள்ள விளிம்பு நொடிக்கு சுமார் 92 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 330 கி.மீ. அங்கே ஒரு விரிசல் இருந்து உடைந்தால் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அதைத் தாங்காது, அங்கிருந்து ஓட்டுபவரின் கால்கள் அதிக தூரத்தில் இல்லை. எனவே:

கடைவதற்கு முன் தேய்ப்பு முகத்தை, அதாவது கிளட்ச் பிளேட் உரசும் பக்கத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே இரும்பு கெட்டித்துப் போயிருக்கும். மையத்திலிருந்து வெளிநோக்கி முடி போன்ற கோடுகள் ஓடினால் விரிசல். சிவப்புச் சாயமும் டெவலப்பரும் அடித்துச் சோதித்துவிடுங்கள். விரிசல் என்றால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

கடைய வேண்டியது இன்ஜின் பக்கத்தின் வெளி விளிம்பு மட்டும். தேய்ப்பு முகத்துக்குப் பின்னால் இருக்கும் கனத்தைத் தொடாதீர்கள். அந்தக் கனம்தான் ஹாஃப் கிளட்ச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மெலிந்தால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளில் பாதி ஏறுவதற்குள் கிளட்ச் வாடை வரும். உள் மூலைகளைக் கூராக விடாமல் குறைந்தது 3 மி.மீ. ரேடியஸ் போடச் சொல்லுங்கள். விரிசல் பிறக்கும் இடம் அந்த மூலைதான். எடை குறைக்கிறேன் என்று துளை போடுவதும் வேண்டாம்.

எவ்வளவு? தெருவில் ஓடும் வண்டிக்கு இப்போதுள்ள எடையில் கால் பங்கு மேல்வரம்பு. முதலில் கழற்றித் தராசில் வையுங்கள். கால் பங்கு 2 கிலோவுக்குக் குறைவாக வந்தால் அந்த 2 கிலோவை மறந்துவிடுங்கள்.

லேத்தில் ரிங் கியரின் பல்லைப் பிடித்துச் சென்டர் பார்ப்பவரிடம் கொடுக்காதீர்கள். கிராங்கில் உட்காரும் மையத் துளையில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சென்டர் பார்க்க வேண்டும். பல்லின் வெளிவட்டம் மையத்தோடு துல்லியமாகப் பொருந்தியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரிங் கியர் நன்றாக இருந்தால் கழற்றத் தேவையில்லை, அது இருக்கும்போதே கடையலாம். பல் தேய்ந்திருந்தால் மட்டும் புதிது. புது ரிங்கை அடுப்பில் 200 டிகிரி வரை சீராகச் சூடேற்றினால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். கேஸ் வெல்டிங் ஜுவாலையை ஒரே இடத்தில் காட்டினால் பல் வைக்கோல் நிறம் தாண்டி நீலமாகும், கெட்டித்தன்மை போய்விடும், சில மாதத்தில் ஸ்டார்ட்டர் கரகரவென்று தின்றுவிடும். பல்லின் சாய்வு வெட்டிய முகம் ஸ்டார்ட்டர் பினியன் நுழையும் பக்கம் பார்க்க வேண்டும். இதை மாற்றிப் போட்டு மறுபடி கியர் பாக்ஸை இறக்குவது பட்டறைகளில் சகஜம்.

மலைப்பாதை:
அலுமினியம் பற்றி. அதில் தேய்ப்பு முகம் தனி எஃகுத் தகடு, ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். அதனால் ரிங் கியரையும் வெறும் இறுக்கத்தில் விடாமல் போல்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்விஃப்ட் ஜிடிஐ-க்கு என்று வெளிநாட்டில் விற்பவற்றைப் பெயரை நம்பி வாங்க வேண்டாம். கிராங்க் போல்ட் துளைகளின் வட்டம், ரிங் கியர் பல் எண்ணிக்கை, கிளட்ச் பிளேட் விட்டம், தேய்ப்பு முகத்தின் உயரம், நான்கும் பொருந்தினால் மட்டும் பணம் கட்டுங்கள். ரேஸ் டிராக்குக்கு என்றால் எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள எஃகு ஃப்ளைவீல்தான் என் தேர்வு.

உங்கள் ஓட்டத்துக்கு அலுமினியம் வேண்டவே வேண்டாம். சிக்னலில் ஏசி கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கும்போது ஆர்பிஎம் குழியில் விழும், கிளட்ச் விட்டதும் இன்ஜின் ஆஃப் ஆகும். நியூட்ரலில் கியர் பாக்ஸிலிருந்து கோலிக்குண்டு உருட்டுவது போலச் சத்தம் வரும், கிளட்ச் மிதித்தால் நிற்கும். இது பேரிங் சத்தம் அல்ல. ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் இன்ஜின் துள்ளுவதை முன்பு ஃப்ளைவீல் விழுங்கியது, இப்போது கியர் பற்கள் வாங்குகின்றன.

வெள்ளை எஸ்டீம்:
சரி, அலுமினியம் இல்லை. ஒரிஜினலில் வெளி விளிம்பு மட்டும். இரண்டு சந்தேகம். கத்தி முனையில் வைத்து உருட்டிப் பார்த்தே பேலன்ஸ் செய்து தருகிறோம் என்கிறார்கள், போதுமா? தேய்ப்பு முகத்தையும் 0.5 மி.மீ. சுத்தம் செய்யலாமா?

லேத் மணி:
போதாது. மெல்லிய வட்டு என்பதால் ஒரே தளத்தில் பேலன்ஸ் செய்தால் சரிதான், ஆனால் சுழற்றும் மெஷினில் செய்ய வேண்டும். 5 கிலோ ஃப்ளைவீலுக்கு 7000 ஆர்பிஎம்மில் ஜி 2.5 தரம் (பேலன்ஸ் துல்லியத்தின் அளவுகோல்) என்றால் 17 கிராம்-மி.மீ.தான் அனுமதி. விளிம்பில் அது 0.15 கிராம்கூட வராது. கத்தி முனை அதைக் காட்டாது. முதலில் ஃப்ளைவீலைத் தனியாக, பிறகு புது பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) டௌவல் பின்னில், அதாவது இடம் பிசகாமல் பிடிக்கும் முளையில் மாட்டி இரண்டையும் சேர்த்து. கழற்றும் முன் இரண்டிலும் சென்டர் பஞ்ச் புள்ளி வையுங்கள், அதே நிலையில்தான் வண்டியில் ஏற வேண்டும். நான்கு சிலிண்டரான உங்கள் இன்ஜினில் இது சிக்கலில்லை. சில மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் ஃப்ளைவீலே வேண்டுமென்று ஒரு பக்கம் கனமாக இருக்கும், அதை நேராக்கினால் கெட்டது.

தேய்ப்பு முகத்தில் 0.5 எடுத்தால், பிரஷர் பிளேட் உட்காரும் முகம் வேறு மட்டத்தில் இருந்தால் அதிலும் அதே 0.5 எடுக்க வேண்டும். அங்கே விட்டுவிட்டால் பிடிமானம் குறைந்து புது கிளட்ச் முதல் வாரமே வழுக்கும்.

ஆர்பிஎம் ராசா:
மாட்டும்போது: கிராங்கின் பின் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள், எண்ணெய் ஒரு சொட்டு கிளட்ச் பிளேட்டில் பட்டால் மொத்த வேலையும் வீண். ரிலீஸ் பேரிங்கும் புதிது. ஃப்ளைவீல் போல்ட் புதிது, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கம், கடைசி அளவு உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ளது, பக்கத்து வண்டியினுடையது அல்ல. பிரஷர் பிளேட் போல்ட் 23 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பின் தேய்ப்பு முகத்தில் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று. 0.2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கழற்றிக் கிராங்க் முகத்தைத் துடையுங்கள், பெரும்பாலும் ஒரு துரும்புதான் குற்றவாளி. கேபிளில் பெடல் ஃப்ரீ பிளே சுமார் 20 மி.மீ.

ஐடில் விழுந்தால் உடனே ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். த்ராட்டில் பாடியையும் ஐடில் கன்ட்ரோல் வால்வையும் சுத்தம் செய்தாலே பாதி வண்டிகளுக்குச் சரியாகும். அதற்குப் பிறகும் ஏசியில் தடுமாறினால் 50 முதல் 100 ஆர்பிஎம் ஏற்றலாம்.

மலைப்பாதை:
முதல் 500 கி.மீ. நகருக்குள்ளேயே ஓட்டுங்கள். கொல்லிமலை அதற்கப்புறம்.