மறு: செப்புக்காசின் 'சிவப்பு': கலைச்சொல் வேண்டும்

[வவுனியாவிலிருந்து]

குழுவினருக்கு வணக்கம். காசுப் பட்டியலுக்கு மூன்று நிறச்சொற்கள் தேவை. அமெரிக்கத் தரப்படுத்துநர்கள் செப்புக்காசை இப்படிப் பிரிக்கிறார்கள்: அடித்த நாளில் இருந்த சிவப்பில் 95 சதவீதமும் அதற்கு மேலும் எஞ்சியிருந்தால் ஒரு வகை, 5க்கும் 95க்கும் இடைப்பட்டால் இன்னொன்று, 5க்குக் கீழே போனால் மூன்றாவது. தமிழ்நாட்டு நண்பர்கள் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்கிறார்கள். நமக்குப் பழுப்பு என்றால் பழுத்த இலைதான் கண்ணில் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது கபிலம். ஆகவே சிவப்பு, செங்கபிலம், கபிலம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

[மாங்குளத்திலிருந்து]

ஐயா, மற்ற இரண்டிலும் பிணக்கில்லை. சிவப்பில்தான் பிணக்கு. பழப்புளி போட்டுத் தேய்த்தால் செப்புக்குடம் சிவக்கும், காசும் சிவக்கும். அந்தச் சிவப்பு இருக்கிற விலையையும் தின்றுவிடும். வெறும் 'சிவப்பு' என்று பட்டியலில் போட்டால் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும்.

பிரித்தறிய 10 மடங்கு கைவில்லை போதும். தானாக நிறம் மாறும் காசில் முதலில் கபிலமாவது மேடான இடங்கள்: அரசனின் கன்னம், முடியின் குமிழ். எழுத்துகளின் இடுக்கில் சிவப்பு கடைசிவரை ஒளிந்து கிடக்கும். தேய்த்த காசில் இது தலைகீழ். மேடு வெளிறிய ரோசாவாகவும் இடுக்கு கறுப்பாகவும் இருக்கும், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்களும் ஓடும். தேய்க்காமல் அமிலத்தில் ஊறப்போட்டிருந்தால் கீறலும் இராது. அப்போது காசின் விளிம்பைப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சு இறங்கியபோது உலோகம் வெளிப்புறமாக ஓடி விட்ட நுண்கோடுகள் கெடாமல் இருந்தால், வெளிச்சம் வண்டிச்சில்லின் ஆரக்கால் போலக் காசைச் சுற்றி ஓடும். அமிலம் அந்தக் கோடுகளைத் தின்றிருந்தால் வெளிச்சம் அசையாது.

ஆகவே நிறத்தின் பெயர் போதாது, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லே சொல்லவேண்டும். 'பிறவிச் சிவப்பு' எப்படி?

[முல்லைத்தீவிலிருந்து]

தம்பி, பிறவி எண்டா சைவக்காரர் சண்டைக்கு வருவினம். செம்புக்குப் பிறவியோடை வந்தது களிம்பு, அதாவது அதிலை பிடிக்கிற பச்சை, எண்டல்லோ சித்தாந்தம்! 'கம்பட்டச் சிவப்பு' எண்டு வைப்பம். காசு அடிக்கிறதுக்குப் பழஞ்சொல் கம்பட்டம். கம்பட்டக்கூடத்திலையிருந்து கொண்டுவந்த சிவப்பு, ஒருக்காப் போனா திரும்பாது. விரல் பட்டாலே போகும்: வேர்வை உப்பு உடனை தெரியாது, கிழமைக் கணக்கிலை ரேகை கபிலமா எழும்பி வரும்.

களிம்பையும் இரண்டாப் பிரிக்கவேணும். இறுகிப் பிடிச்ச கரும்பச்சை காசைக் காக்கும், அதைச் சுரண்டக்கூடாது. அது 'நிலைகளிம்பு'. எங்கடை பக்கத்து உப்பு மண்ணிலை கிடந்த காசிலை குளோரைட்டு உள்ளுக்கை இருக்கும். மாரி ஈரம் பட வெளிர்பச்சைப் பொடி பூக்கும், பல்லுக்குத்துற குச்சியாலை தொட்டா உதிரும். துடைச்சாலும் திரும்பப் பூத்துச் செம்பைக் குழியாக்கும். அது 'அரிகளிம்பு'. பி.வி.சி உறையிலை வாற பிசுபிசுப்புப் பச்சை வேறை. அதுக்குச் சுத்தமான அசற்றோனிலை கண்ணாடிப் பாத்திரத்துக்கை ஊறவிட்டு எடுக்கவேணும், தேய்க்கக்கூடாது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வேண்டாம், அதிலை எண்ணெய் கலப்பு.

[வவுனியாவிலிருந்து]

கம்பட்டச் சிவப்பு, நிலைகளிம்பு, அரிகளிம்பு மூன்றையும் ஏற்கிறேன். அடுத்தது 'அருமை', அதாவது காசு அரிதாகக் கிடைப்பது. இதையும் ஒரே சொல்லாக விடமுடியாது. ஐந்தாம் ஜோர்ஜின் 1926 இலங்கை ஒரு சதம் தகரப்பேணிகளில் கிடக்கிற சாமான், கபிலத்தில் சொற்ப விலை. புழங்காமல் கம்பட்டச் சிவப்போடு அகப்பட்டால் கதை வேறு. இது 'நிலையருமை'. 1909இல் சான்பிரான்சிஸ்கோவில், வடிவமைத்தவரின் மூன்றெழுத்தோடு அடித்த அமெரிக்க லிங்கன் சதம் மொத்தம் 484,000. அது கபிலமானாலும் ஆள் தேடும், சிவப்பு அந்த விலையைப் பல மடங்காக்கும். இதை 'ஆண்டருமை' எனலாமா?

சேதுக் காசில் சிவப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செம்பு பளபளவென்று சிவந்து வந்தால் யாரோ அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். படுத்த நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் தெளிவாக, மேற்பரப்பு கபிலமாகவோ கரும்பச்சையாகவோ வழுவழுவென்று இருந்தால் அதற்குத்தான் விலை. (தேடி மண்ணைக் கிண்டவேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாத அகழ்வு குற்றம். வன்னி மண்ணில் இன்னும் கண்ணிவெடி இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

[மாங்குளத்திலிருந்து]

ஆண்டருமை பிழை ஐயா. அதே 1909இல் பிலடெல்பியாவில் அதே மூன்றெழுத்தோடு அடித்தவை இரண்டே முக்கால் கோடிக்கும் மேல். ஆண்டு ஒன்று, அருமை வேறு. எத்தனை அடித்தார்கள் என்பதுதான் கணக்கு. 'அடிப்பருமை' என்று போடுவோம்.

[முல்லைத்தீவிலிருந்து]

அதை 'அடிப் பருமை' எண்டு வாசிச்சுச் சிரிப்பினம். 'தொகையருமை' எண்டு எழுதுங்கோ.