நெய்யூர் பழைய ஆஸ்பத்திரி: படம் இருந்தால் தாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய வார்டுகள், பங்களா, முன்வாசல் எதுவானாலும் சரி, 1956-க்கு முந்தைய படம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது கிடக்கிறதா?

1838-ல் லண்டன் மிஷனின் டாக்டர் ராம்சே மருத்துவப் பணி தொடங்கிய இடம் அது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல், திரும்பும் வழியில் இங்கே வந்தார். நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1924-ல் மறுபடி போய் ஆக்சிஜன் இல்லாமலே சுமார் 28,000 அடி வரை ஏறினாராம். எங்கள் பாட்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு அவர் 'வயிற்றைக் கீறிப் புண்ணை ஆற்றுகிற தொரை', அவ்வளவுதான்.

பாட்டி சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் மரத்தடியில் கல் கூட்டி மரச்சீனிக்கிழங்கு அவிப்பார்களாம். சாளைக் கறி வாசனை வார்டுக்குள் வருமாம், பத்தியத்தில் கிடப்பவர்கள் ஏங்குவார்களாம். கருப்பட்டிக் காப்பிக்குத் தனிக் கூட்டமாம்.

அந்த மரத்தடி எந்தப் பக்கம் இருந்தது? குளச்சல், திங்கள்நகர், இரணியல் பக்கத்துப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். படத்தை போனில் எடுத்து அனுப்பினாலும் போதும், பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.